காலிப் படுக்கையின் கணக்கு: ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனை ஒன்றின் ஆய்வு

நெஞ்சுவலியோடு வந்தவரை இதய அவசரப் பிரிவு வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறது. காரணம் கேட்டால் ‘பெட் இல்லை’. அப்படியானால் அந்தப் பிரிவுக்கு இன்னும் நாலு படுக்கை போட வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஆம்ஸ்டர்டாமில் உள்ள வி.யு. பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் இதய நோயாளிகளை வைத்து இதைக் கணிதமாக எழுதிப் பார்த்த ஆய்வு ஒன்று 2007ல் வெளிவந்தது. அவசரப் பிரிவில் நோயாளிகள் மறுக்கப்படுவதற்கு முக்கியக் காரணம், அதற்கு அடுத்தடுத்த கட்டங்களில் படுக்கை கிடைக்காததுதான் என்று அது கண்டது.

கொஞ்சம் யோசித்தால் விளங்கும். அவசரப் பிரிவுக்கு வந்தவர் முதலில் தீவிர இதயக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போகிறார். நிலைமை சீரானதும் சாதாரண வார்டுக்கு மாற வேண்டும். வார்டில் இடமில்லை. அதனால் தேறிவிட்ட ஒருவர் கண்காணிப்புப் பிரிவிலேயே படுத்திருக்கிறார். அவர் படுக்கைக்கு வர வேண்டியவர் அவசரப் பிரிவிலேயே நிற்கிறார். அவசரப் பிரிவும் நிரம்புகிறது. வாசலுக்கு வந்தவர் திரும்பிப் போகிறார். அவசரப் பிரிவில் எத்தனை படுக்கை கூட்டினாலும் அது கொஞ்ச நேரத்தில் இன்னொரு காத்திருப்பு இடமாகிவிடும். காசு போட வேண்டிய இடம் இரண்டு கட்டம் தள்ளி, யாரும் அவசரம் என்று நினைக்காத சாதாரண வார்டில் இருக்கிறது.

அந்த ஆய்வு இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொன்னது. படுக்கைகள் எந்நேரமும் நிரம்பியிருக்க வேண்டும் என்று நிர்வாகம் அழுத்தம் கொடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது, எதிர்விளைவைத் தருவது. இந்த வரிதான் அடுத்த கட்ட வேலைக்கு விதை என்று நான் நினைக்கிறேன். அதே மருத்துவமனையின் 24 வார்டுகளையும் எடுத்து, 2004 முதல் 2006 வரையிலான தரவுகளை அலசி, எந்த வார்டுக்கு எத்தனை படுக்கை சரி என்று கேட்ட ஆய்வு 2010ல் வந்தது. டி புரூயின், பெக்கர், வான் சான்டன், கோலே ஆகிய நால்வரின் வேலை அது. (அந்த மருத்துவமனை 2018ல் நகரின் இன்னொரு பல்கலைக்கழக மருத்துவமனையுடன் இணைந்து இப்போது ஆம்ஸ்டர்டாம் யு.எம்.சி. ஆகிவிட்டது.)

85 சதவீதம் என்ற அளவுகோல்

படுக்கைகளைப் பிரிக்கும்போது நிர்வாகிகள் கையில் எடுப்பது பெரும்பாலும் ஒரே எண்தான்: சராசரி நிரம்பல் விகிதம். நூறு படுக்கையில் சராசரியாக எத்தனையில் ஆள் இருக்கிறார். 85 என்றால் நல்லது. அதற்குக் கீழே போனால் படுக்கை வீணாகிறது, வேறு துறைக்குக் கொடு. பல மருத்துவமனைகளில் எல்லா வார்டுக்கும் இதே இலக்குதான்.

இந்த எண்ணுக்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல முடியாது. 1999ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கணினி மாதிரி ஆய்வு, நிரம்பல் 85 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து தெரிய ஆரம்பிக்கும், 90ஐத் தொட்டால் படுக்கைத் தட்டுப்பாடு வாடிக்கையாகிவிடும் என்று காட்டியது. ஆனால் அது ஒரு மருத்துவமனையின் அவசர நோயாளிகளுக்கான படுக்கைகளை ஒரே பெரிய தொகுப்பாக வைத்துப் போட்ட கணக்கு. அதே எண்ணைப் பத்துப் படுக்கை உள்ள வார்டின் தலையில் கட்டுவது வேறு விஷயம். 2002ல் லிண்டா கிரீன் என்ற ஆய்வாளர் நியூயார்க் மாநிலத் தரவுகளை வரிசைக் கோட்பாட்டின் (காத்திருப்பையும் நெரிசலையும் கணக்கிடும் கணிதம்) வழியே பார்த்தபோது, மகப்பேறு பிரிவுகளில் 40 சதவீதம் வரையும், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 90 சதவீதம் வரையும் தேவைப்படும் நேரத்தில் படுக்கை தர முடியாத அளவுக்குச் சிறியவை என்று தெரிந்தது. சராசரி நிரம்பலை மட்டும் பார்த்தால் இது கண்ணிலேயே படாது.

ஆம்ஸ்டர்டாம் குழு எடுத்த கருவி நூறு வருடம் பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் கிராரூப் எர்லாங் 1917ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார். இத்தனை இணைப்புகள் இருக்கின்றன, அழைப்புகள் இந்த வேகத்தில் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக இவ்வளவு நேரம் நீடிக்கிறது என்றால், நூற்றில் எத்தனை அழைப்புக்கு ‘எல்லா இணைப்பும் பிஸி’ என்ற பதில் கிடைக்கும்? இணைப்புக்குப் பதில் படுக்கை, அழைப்புக்குப் பதில் நோயாளி, பேசும் நேரத்துக்குப் பதில் தங்கும் நாட்கள் என்று வைத்துக்கொண்டால் வார்டுக்கு அப்படியே பொருந்துகிறது.

இந்தச் சூத்திரத்தில் மருத்துவமனைக்கு மிகவும் உதவும் குணம் ஒன்று உண்டு. தங்கும் நாட்கள் எப்படிச் சிதறியிருந்தாலும் கவலையில்லை. ஒருவர் ஒரே நாளில் வீட்டுக்குப் போவார், இன்னொருவர் நாற்பது நாள் கிடப்பார். சராசரி மட்டும் தெரிந்தால் போதும், மறுப்பு விகிதம் மாறாது. நோயாளிகள் தங்கும் நாட்களில் இருக்கும் பெரும் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று தெரியும்.

அறுபது படுக்கை, மூன்று துறை

இனி வருபவை அந்த மருத்துவமனையின் எண்கள் அல்ல, விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. சூத்திரம் அதேதான், யாரும் விரிதாளில் போட்டுச் சரிபார்க்கலாம்.

இதயப் பிரிவுக்கு நாளைக்கு 2 பேர் வருகிறார்கள், சராசரி 4 நாள் தங்குகிறார்கள். எல்லோருக்கும் இடம் கிடைத்தால் எந்த நேரத்திலும் சராசரியாக 8 பேர் படுத்திருப்பார்கள். இதைச் சுமை என்று வைத்துக்கொள்வோம். நரம்பியலுக்கு நாளைக்கு ஒன்றரைப் பேர், 8 நாள், சுமை 12. பொது மருத்துவத்துக்கு நாளைக்கு 6 பேர், 5 நாள், சுமை 30. மொத்தச் சுமை 50, இருக்கும் படுக்கை 60.

நியாயமாகத் தோன்றும் வழி, சுமைக்கு ஏற்ப விகிதாச்சாரமாகப் பிரிப்பது. இதயத்துக்கு 10, நரம்பியலுக்கு 14, பொது மருத்துவத்துக்கு 36. யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இப்போது எர்லாங் சூத்திரத்தில் போட்டால் இதயப் பிரிவில் நூற்றுக்கு 12 பேர் மறுக்கப்படுகிறார்கள், நரம்பியலில் கிட்டத்தட்ட 12, பொது மருத்துவத்தில் 4 பேர்தான். ‘சமமாக’ப் பிரித்ததில் சின்ன வார்டுகள் மூன்று மடங்கு அடி வாங்குகின்றன.

நிரம்பல் விகிதத்தைப் பாருங்கள். இதயப் பிரிவில் அது 70 சதவீதம். நரம்பியலில் 76. பொது மருத்துவத்தில் 80. மாதாந்திரக் கூட்டத்தில் இந்த மூன்று எண்களும் திரையில் வந்தால் யாருடைய படுக்கையைப் பிடுங்குவார்கள்? எங்கே அதிகம் பேர் திரும்பிப் போகிறார்களோ, அந்த இதயப் பிரிவிலிருந்துதான்! பத்தில் மூன்று படுக்கை சும்மா கிடக்கிறதே என்பார்கள். அந்தத் துறைத் தலைவர் என்ன சொன்னாலும் அறிக்கையில் இருக்கும் எண் அவருக்கு எதிராகத்தான் பேசும். ஏனென்றால் அந்த அறிக்கை உள்ளே வந்தவர்களை மட்டும் எண்ணுகிறது.

இதயப் பிரிவையும் 85 சதவீதத்துக்குக் கொண்டுவந்தே தீருவது என்று பிடிவாதம் பிடித்தால் என்ன ஆகும் என்றும் போட்டுப் பார்க்கலாம். படுக்கைகளை 4 ஆகக் குறைக்க வேண்டும். அப்போதுதான் நிரம்பல் 85ஐத் தொடுகிறது; நூற்றுக்கு 57 பேர் வெளியே. அதே 85க்குப் பொது மருத்துவத்தில் 32 படுக்கை, மறுப்பு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. இரண்டு வார்டுக்கும் ஒரே இலக்கு என்பதன் பொருள் இதுதான்.

காரணம் ஏற்ற இறக்கம். சுமை 8 உள்ள வார்டில் ஒரு நாள் 5 பேர் இருப்பார்கள், இன்னொரு நாள் 12 பேருக்கு இடம் தேவைப்படும். இந்த ஆட்டத்தின் அளவு ஏறக்குறைய சுமையின் வர்க்கமூலம்: 8க்குச் சுமார் 2.8, 30க்குச் சுமார் 5.5. சுமை நாலு மடங்கு ஆனால் ஆட்டம் இரண்டு மடங்குதான் கூடும். அதனால் பெரிய வார்டு தன் அளவோடு ஒப்பிட்டால் குறைவான உபரியில் சமாளித்துவிடும். சின்ன வார்டுக்கு உபரி விகிதம் அதிகம் வேண்டும். அங்கே சும்மா கிடப்பதாகத் தெரியும் மூன்று படுக்கைகள், கூட்டம் வரும் நாளில் வேலை செய்கிற படுக்கைகள்.

எதைக் குறைக்க வேண்டும்?

சரி, அப்படியானால் உகந்த பிரிப்பு எது? அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணினி எதுவும் வேண்டாம். ஒரு வார்டுக்கு ஒவ்வொரு படுக்கையாகக் கூட்டிக்கொண்டே போனால் மறுப்பு குறையும். ஆனால் ஒவ்வொரு முறையும் குறைகிற அளவு முந்தையதைவிடச் சிறியதாக இருக்கும். இந்தக் குணம் எர்லாங் சூத்திரத்துக்கு உண்டு என்று 1972ல் நிரூபித்திருக்கிறார்கள். அதனால் எளிய வழி போதும்: இந்தப் படுக்கையை எந்தத் துறைக்குக் கொடுத்தால் அதிகப் பேர் காப்பாற்றப்படுவார்கள் என்று பார், அங்கே கொடு, அடுத்த படுக்கைக்கும் இதே கேள்வி. கடைசிப் படுக்கை வரை இப்படிப் போனால் வருவதே உகந்த விடை.

நம் உதாரணத்தில் இதைச் செய்தால் விடை 11, 13, 36. நரம்பியலிலிருந்து ஒரு படுக்கை இதயத்துக்குப் போகிறது. வருடத்துக்கு மறுக்கப்படுபவர்கள் 247லிருந்து 238 ஆகக் குறைகிறார்கள். கணக்குச் சரி. ஆனால் நரம்பியலின் மறுப்பு 15 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது!

இந்த இடத்தில்தான் நிதானிக்க வேண்டும். கணிதம் தவறு செய்யவில்லை, கேட்டதைக் கொடுத்தது. தலைகளை மட்டும் எண்ணச் சொன்னோம். ஒரு நரம்பியல் நோயாளி 8 நாள் படுக்கையைப் பிடித்திருக்கிற நேரத்தில் இதயப் பிரிவில் இரண்டு பேர் வந்து போய்விடுவார்கள். தலைக்கணக்கில் நீண்ட நாள் தங்குபவர் எப்போதும் நஷ்டம். பக்கவாதத்தோடு வருகிற முதியவரை இப்படிக் கழித்துவிடலாம் என்று யாரும் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள்; குறிக்கோளை யோசிக்காமல் எழுதினால் சூத்திரம் அதைச் சொல்லாமல் செய்துவிடும்.

எதிர்ப்பக்கம் போகலாம். மிக மோசமான துறையின் மறுப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறை என்று கேட்டால் விடை 11, 16, 33. மூன்று துறையிலும் மறுப்பு 8.1 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் மொத்த மறுப்பு 269 ஆக ஏறிவிடும். சமத்துவத்துக்கு முப்பது பேர் விலை.

நான் இந்த மூன்றில் எதையும் எடுக்க மாட்டேன். எந்தத் துறையிலும் மறுப்பு 9 சதவீதத்தை மீறக் கூடாது என்பதை நிபந்தனையாக வைத்து, அதற்குள் மொத்தத்தைக் குறைக்கச் சொன்னால் 11, 15, 34 வருகிறது. வருடத்துக்கு 251 பேர். பழைய விகிதாச்சாரப் பிரிப்பைவிட நாலு பேர்தான் அதிகம். ஆனால் 12 சதவீதத்தில் மாட்டிக்கொண்டிருந்த இரண்டு துறைகளும் 9க்குக் கீழே வந்துவிட்டன. மருத்துவர்களோடு உட்கார்ந்து பேச இது நல்ல தொடக்கம். ஒவ்வொரு துறையின் மறுப்புக்கும் ஒரு எடை கொடுக்கலாம். முன்கூட்டியே தேதி குறித்த அறுவை தள்ளிப்போவதும் பக்கவாத நோயாளிக்கு இடமில்லாமல் போவதும் ஒரே நஷ்டம் கிடையாது. அந்த எடையைத் தீர்மானிப்பது கணிதக்காரரின் வேலை அல்ல. அதை மருத்துவர்களும் செவிலியர் தலைவர்களும் நிர்வாகமும் ஒரே மேசையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொதுவில் வைக்கும் படுக்கைகள்

இத்தனை நுணுக்கமாகப் பிரித்தும் 247, 238, 251 என்று அதே வட்டாரத்தில்தான் சுற்றுகிறோம். வேலிகளை எடுத்துவிட்டு அறுபதையும் ஒரே தொகுப்பாக வைத்தால்? மறுப்பு 2.2 சதவீதம். வருடத்துக்கு 75 பேர். ஒரு படுக்கைகூடப் புதிதாக வாங்காமல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. ஒரு துறையில் கூட்டம் இருக்கும் நாளில் இன்னொரு துறையில் இடம் இருக்கும், அவ்வளவுதான் ரகசியம். 2010 ஆய்வில் வார்டுகளை இணைத்தால் என்ன கிடைக்கும் என்பதைப் பார்க்க முடிவுக்கு உதவும் மென்பொருளையும் செய்து கொடுத்திருந்தார்கள்.

ஆனால் எல்லாவற்றையும் கலந்துவிடுவது ஆபத்து. இதயத் துடிப்புக் கண்காணிப்பில் பழகிய செவிலியர் பக்கவாத நோயாளிக்கு விழுங்கும் சோதனை செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றில்லை. மருத்துவர் ரவுண்ட்ஸ் போகும்போது தன் நோயாளிகளை நாலு மாடியில் தேட வேண்டியிருக்கும். 2017ல் பெக்கர், கோலே, ரூபோஸ் மூவரும் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சிறிய அமைப்புகளுக்கு முழுவதுமாகப் பகிர்வது பெரும்பாலும் நல்லது. பெரிய அமைப்புகளில் கொஞ்சம் நெகிழ்வு இருந்தாலே பெரும்பகுதிப் பலன் வந்துவிடும் என்பது அவர்கள் முடிவு. துறைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மிஞ்சுபவர்களுக்குப் பொதுவாக ஒரு சிறிய வார்டு வைப்பது ஒரு வழி.

நம் அறுபதில் 53ஐத் துறைகளுக்குக் கொடுத்து 7ஐப் பொதுவில் வைத்துத் தோராயமாகக் கணக்கிட்டால், முழுப் பகிர்வில் கிடைக்கும் பலனில் ஏறக்குறைய பாதி கிடைக்கிறது. அந்த ஏழு படுக்கைக்கு மட்டும் மூன்று துறை வேலையும் தெரிந்த செவிலியர்களைப் பயிற்றுவித்தால் போதும். மருத்துவரும் ஒரே ஒரு கூடுதல் இடத்துக்குத்தான் நடக்க வேண்டும். என்னைக் கேட்டால் பெரும்பாலான மருத்துவமனைகள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். துறைகளுக்கிடையே ஒன்றிரண்டு படுக்கைக்குச் சண்டை போடுவது அப்புறம்.

நடைமுறையில் படுக்கை என்றாலே செவிலியர். கட்டிலும் மெத்தையும் இருந்தும் ஆள் இல்லாததால் மூடிக் கிடக்கும் படுக்கை கணக்கில் வரக் கூடாது. ஒரு செவிலியருக்கு இத்தனை நோயாளி என்று இருந்தால் படுக்கைகளும் அந்தக் கட்டுகளாகவேதான் நகரும். அப்போது ஒவ்வொன்றாகக் கூட்டும் எளிய வழி போதாது, முழு எண்களில் மட்டும் உகந்த விடையைத் தேடும் முழு எண் நிரலாக்கம் என்ற கணித முறைக்குப் போக வேண்டும்.

அறுவை அரங்கின் அட்டவணை

படுக்கையை நகர்த்தாமல் நோயாளி வரும் நாளை நகர்த்தவும் முடியும். இதற்கும் ஆம்ஸ்டர்டாமிலேயே உதாரணம் உண்டு. நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனமான அந்தோனி வான் லீவன்ஹுக் மருத்துவமனையில், எந்தத் துறைக்கு எந்தக் கிழமை அறுவை அரங்கம் என்ற அட்டவணை வார்டுகளை எப்படிப் பாதிக்கிறது என்று கணக்கிட்டார்கள். 2011ல் வெளிவந்தது. ஐந்து நாள் தங்க வேண்டிய அறுவைகளைத் திங்களும் செவ்வாயும் அடுக்கினால் வாரத்தின் நடுவில் வார்டு திணறும், ஞாயிறன்று காற்று வாங்கும். விபத்து எப்போது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அறுவை எந்த நாள் என்பதோ நாமே எழுதுவது.

எனக்கு அந்த ஆய்வில் மிகவும் பிடித்தது அவர்கள் போன வழி. கணினி ஒரு ‘உகந்த’ அட்டவணையைத் துப்பி, அதை ஊழியர்கள் தலையில் கட்டவில்லை. ஊழியர்கள் ஒரு அட்டவணை முன்வைப்பார்கள், மாதிரி அதன் விளைவை எண்ணாகக் காட்டும், ஊழியர்கள் அதைக் கிழித்துத் திருத்துவார்கள், மறுபடி கணக்கு. பல சுற்றுக்குப் பிறகு அறுவை அரங்க ஊழியர்களும் ஒத்துக்கொண்ட அட்டவணை ஒன்று நடைமுறைக்கு வந்தது. பின்னர் படுக்கைப் புள்ளிவிவரத்தை எடுத்துப் பார்த்தபோது வார்டுகளின் சுமை சமமாக இருந்தது உறுதியானது. வார்டு செவிலியர்களின் புலம்பலாக மட்டும் இருந்தது, அறுவை மருத்துவர்களோடு பேரம் பேசக்கூடிய எண்ணாக மாறியது.

தொடங்க என்ன வேண்டும்

அட்மிஷன் நேரம், டிஸ்சார்ஜ் நேரம், எந்த வார்டு: இந்த மூன்றும் பெரும்பாலான மருத்துவமனைகளின் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு வருடத் தரவு போதும். ஆனால் அதை அப்படியே சூத்திரத்தில் போடக் கூடாது. நம் இதயப் பிரிவுக்கு உண்மையில் நாளைக்கு 2 பேர் வருகிறார்கள். 12 சதவீதம் மறுக்கப்படுவதால் பதிவேட்டில் ஏறுவது 1.76 பேர். அதையே வருகை என்று எடுத்தால் சுமை 7 ஆகிவிடும், மறுப்பு 8 சதவீதம் என்று சூத்திரமே குறைத்துச் சொல்லும். அடுத்த வருடம் அந்த 8ஐ வைத்துப் படுக்கையைக் குறைத்தால் இன்னும் அதிகம் பேர் பதிவேட்டில் ஏறாமல் போவார்கள், சுமை இன்னும் சிறியதாகத் தெரியும். அதனால் மறுக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு வரி எழுதும் பழக்கம் முதலில் வர வேண்டும்: வந்த நேரம், தேவைப்பட்ட துறை, எங்கே அனுப்பப்பட்டார். அந்த நோட்டு இல்லாத மருத்துவமனையில், அனுமதிக்கப்பட்டோர் எண்ணிக்கையிலிருந்து உண்மையான வருகையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு, விடை நிலைக்கு வரும்வரை இரண்டு மூன்று முறை சூத்திரத்தைச் சுற்ற வேண்டியிருக்கும்.